செக்ரோலில் இன்னொரு குறி வேண்டும்

சம்பள நிர்ணய சபையில் கம்பனிகளின் சார்பிலும் தொழிலாளர் சார்பிலும் உட்காருகிறவர்களுக்கு,

வணக்கம். இலங்கை மலையகத்தில், டிக்கோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் 26 வருடம் கணக்கப்பிள்ளையாக இருந்தவன் நான். 2019-ல் ஓய்வு பெற்றேன். அத்தனை வருடமும் விடிந்தும் விடியாமலும், வேலைக்கு ஆட்கள் கூடுகிற பிரட்டுக்களத்தில் நின்று ஆள் பிரித்து மலைக்கு அனுப்பி, பின்னேரம் செக்ரோல், அதாவது வருகைப் பதிவேடு, எழுதியிருக்கிறேன். வந்தவருக்குப் பேர் (ஒரு நாள் வேலைக் கணக்கு), கிலோ குறைந்தவருக்கு அரைப் பேர், வராதவருக்கு வெறும் கட்டம். அந்த வெறும் கட்டத்தைப் பற்றித்தான் இந்த மடல்.

2014 ஜூலை. எங்கள் பக்கம் ஜூன், ஜூலையில் வெயில் முகம் பார்ப்பதே அபூர்வம். மூட்டம், சாரல், கை விறைக்கிற குளிர். என் டிவிஷனில் ஒரு அம்மா இருந்தார். கொழுந்தில் முதல் கை அவருடையதுதான். ஒரு பேருக்கு அன்று எடுக்க வேண்டிய கணக்கு 18 கிலோ; மூன்று நிறுவையும் சேர்த்தால் அவருக்கு 25, 26 விழும். ஆனால் மாதத்தில் நாலைந்து நாள் விரல் கணுக்கள் சிவந்து வீங்கிவிடும். தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்தால்தான் குடிக்க முடியும். அப்புறம் வீக்கம் வற்றும். வற்றியதும் பழையபடி 25 கிலோ.

இப்படி வந்து போகிற வருத்தத்துக்கு லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) ஒரே ஒரு கேள்விதான் உண்டு: "நேத்து நல்லாத்தானே இருந்தா?" போன கிழமை மாரியம்மன் திருவிழாவில் கரகத்துக்குப் பின்னால் நடந்து போனதைப் பார்த்தவர்கள், இந்தக் கிழமை அவர் கையை மடியில் வைத்துக்கொண்டு வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்தால் நம்பமாட்டார்கள். நானும் நம்பவில்லை. கால் இல்லாதவருக்கு எல்லா நாளும் கால் இல்லை, பார்த்தவுடன் தெரியும். இவருக்கோ 20 நாள் எல்லாம் இருக்கிறது, 5 நாள் இல்லை. அந்த ஐந்து நாளை நடிப்பு என்று சொல்லிவிடுவது எல்லாருக்கும் சுலபமாக இருந்தது.

அந்த ஜூலையில் ஒருநாள் அவர் பிரட்டுக்கு வந்தார். தலையில் கொங்காணி, முதுகில் கூடை, இடுப்பில் படங்கு, எல்லாம் சரியாகக் கட்டியிருந்தது. மகள் கட்டிவிட்டிருக்க வேண்டும்; அந்தக் கையால் முடிச்சுப் போட்டிருக்க முடியாது. நான் கையைப் பார்த்தேன். "இந்தக் கைய வச்சிக்கிட்டு என்னா கொழுந்து எடுக்கப்போற? வீட்டுக்குப் போயிப் படு. நாளைக்கி வா" என்றேன். இரக்கப்பட்டுத்தான் சொன்னேன். அவரும் ஒன்றும் பேசாமல் திரும்பிப் போனார். பின்னேரம் செக்ரோலில் அவருடைய கட்டத்தை வெறுமையாக விட்டேன்.

அப்போது நடைமுறையில் இருந்தது கம்பனிகளும் தொழிற்சங்கங்களும் செய்துகொண்ட 2013-ன் கூட்டு ஒப்பந்தம். அடிப்படைச் சம்பளம் 450 ரூபா, வருகைக் கொடுப்பனவு 140 ரூபா, விலைப் பங்கு 30 ரூபா, எல்லாம் சேர்ந்து 620. அந்த 140 ரூபாவுக்கு ஒரு நிபந்தனை உண்டு: தோட்டம் வேலை கொடுத்த நாட்களில் 75 சதவீதம் வந்திருக்க வேண்டும். அந்த மாதம் வேலை கொடுத்தது 24 நாள். அதில் 75 சதவீதம் என்றால் 18. அந்த அம்மாவின் பெயருக்கு நேரே 17 பேர் இருந்தது.

ஒரு நாள் குறைந்ததால் 17 நாளுக்குமான வருகைக் கொடுப்பனவும் போயிற்று. 2380 ரூபா. சம்பள மேசையில் அவர் காசை எண்ணவில்லை. துண்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஐயா, அன்னைக்கி நான் வந்தேன் தானே?" என்று கேட்டார். அவ்வளவுதான். பின்னால் ஆட்கள் நின்றார்கள், அவர் நகர்ந்துவிட்டார்.

வந்தார். கூடையோடு வந்தார். திருப்பி அனுப்பியவன் நான். அதை எழுத செக்ரோலில் ஒரு குறி இருக்கவில்லை.

இந்தக் கதையை நான் யாரிடமும் சொன்னதில்லை. இப்போது சொல்வதற்கு என் மகள் காரணம். 26 வயதில் அவளுக்கு லூபஸ் என்று கண்டுபிடித்தார்கள். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்குகிற நோய். வெயில் பட்டால் பலருக்குக் கூடும். முகத்தில் சிவப்புத் தடிப்பு, மூட்டு வலி, காய்ச்சல், எழுந்து நிற்க முடியாத களைப்பு, இதெல்லாம் சில நாள், சில கிழமை இருக்கும். அப்புறம் ஒன்றுமே நடக்காத மாதிரி எழுந்து தலைவாரிக்கொண்டு வேலைக்குப் போவாள். அவள் படுத்த முதல் தடவை என் வாயிலிருந்தே அந்தக் கேள்வி வந்தது: "நேத்து நல்லாத்தானே இருந்த?" அவள் முகம் மாறியதைப் பார்த்த பிறகுதான் 2014 ஜூலை எனக்கு முழுதாக விளங்கியது.

மகள் ஹட்டன் டவுனில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறாள். அந்த முதலாளி பெரிய படிப்புப் படித்தவரில்லை, சட்டம் தெரிந்தவருமில்லை. அவள் விஷயத்தைச் சொன்னதும் மூன்று காரியம் செய்தார். மேசையைக் கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்திலிருந்து உள்ளே மாற்றினார். முடியாத நாளில் காலை ஆறரைக்குள் ஒரு மெசேஜ் போட்டால் போதும், காரணம் விளக்கத் தேவையில்லை என்றார். அப்படிப்பட்ட நாட்களில் பில் கொப்பியை வீட்டுக்கு அனுப்பிவைத்து, படுத்தபடியே முடிந்ததை எழுது என்றார். ஐந்து வருடமாக அவள் அங்கேதான் இருக்கிறாள். கடைக் கணக்கில் ஒரு மாதம் பிந்தியதில்லை. கடை, அலுவலக ஊழியர்களுக்கான 1954-ஆம் ஆண்டுச் சட்டத்தில் சுகவீனத்துக்கும் சொந்த அலுவலுக்குமாக வருடத்துக்கு 7 நாள் லீவு இருக்கிறது. அவள் அதைத் தாண்டி எடுத்த வருடமும் உண்டு. தாண்டிய நாட்களைப் பில் கொப்பி ஈடு செய்தது.

கொழுந்து மலையை வீட்டுக்கு அனுப்பிவைக்க முடியாதுதான். ஆனால் மலையிலும் வழி இருக்கிறது, நான் இத்தனை வருடம் நின்ற இடம் என்பதால் சொல்கிறேன். அந்த அம்மாவுக்கு இருந்தது முடக்குவாதம் என்று பின்னால் பெரியாஸ்பத்திரியில் சொன்னார்கள். அந்த நோயில் காலையில்தான் விரல் மடங்காது. ஒரு மணித்தியாலம், இரண்டு மணித்தியாலம் கழித்து மெல்ல மெல்ல விடும். நாங்களோ அவருடைய கை மிக மோசமாக இருக்கிற நேரத்தில் பிரட்டு வைத்து, அந்த நேரத்துக் கையைப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னோம். காலை நிறுவையை விட்டுவிட்டு, பகல் கொழுந்துக்கும் அந்திக் கொழுந்துக்கும் அவரை வரவிட்டிருந்தால் நல்ல நாளில் 18 கிலோவைத் தொட்டிருப்பார், தொடாத நாளில் எடுத்ததற்குக் கணக்கு இருந்திருக்கும். கை மோசமான நாளில் கொழுந்தே வேண்டாம். நேர்சரியில் நிழல் பார்க்கலாம், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளை மடுவத்தில் ஒத்தாசை செய்யலாம், நிறுவையில் துண்டு பார்த்துச் சொல்லலாம். இந்த வேலைகள் எல்லாத் தோட்டத்திலும் இருக்கின்றன. வேறு யாரோ செய்துகொண்டும் இருக்கிறார்கள். மாற்றிப் போட நான் அப்போது யோசிக்கவில்லை.

மருந்தும் இதில் சேரும். முடக்குவாதத்துக்குப் பலருக்குக் கொடுக்கிற மெத்தோட்ரெக்சேட் மாத்திரை தினம் போடுவதில்லை, கிழமைக்கு ஒரு தடவைதான். போட்ட மறுநாள் சிலருக்கு ஓங்காளமும் அசதியுமாக இருக்கும். சனிக்கிழமை இரவு போட்டால் ஞாயிறு அடங்கிவிடும் என்று டாக்டரிடம் பேசிச் சரிசெய்யலாம். ஆனால் மலையில் அதைப் பற்றிப் பேசவே ஒருவர் பயந்தால், யார் போய் டாக்டரிடம் கேட்பது?

அப்புறம் கிளினிக் நாள். அரசாங்க ஆஸ்பத்திரியில் மாதத்துக்கு ஒரு தடவை கொப்பியைக் காட்டி மருந்து எடுக்க வேண்டும். விடியற்காலை பஸ் ஏறி, வரிசையில் நம்பர் எடுத்து, டாக்டரைப் பார்த்து, மருந்து வாங்கித் தோட்டத்துக்கு வந்து சேரும்போது அந்திக் கொழுந்து நிறுத்து முடிந்திருக்கும். ஆக, வருத்தம் இல்லாமல் இருப்பதற்காகப் போகிற அந்த நாளும் செக்ரோலில் வெறும் கட்டம்தான். அந்த நாள் சம்பளத்துக்குப் பயந்து கிளினிக்கை விட்டவர்களை எனக்குத் தெரியும். மருந்து முடிந்து இரண்டு கிழமையில் விழுவார்கள், அப்போது ஒரு நாளுக்குப் பதில் பத்து நாள் போகும்.

இதில் எனக்கு மிகவும் மனம் நோகிற விஷயம் வலிப்பு. எங்கள் ஸ்டோரில், அதாவது தேயிலை ஆலையில், வேலை செய்த ஒரு பொடியனுக்கு ஒருநாள் வாட்டுகிற தட்டில் வலிப்பு வந்தது. சுற்றி நின்றவர்கள் வழக்கப்படி இரும்பைத் தேடினார்கள், ஒருவர் வாயைப் பிளந்து கரண்டி வைக்கப் பார்த்தார். மறுநாளே ரோலர் பக்கம் உன்னை வைக்க முடியாது என்று நிறுத்திவிட்டார்கள். ரோலர் பக்கம் வைக்க முடியாது என்பது நியாயம். மரம் ஏறவும் விடக்கூடாது, தனியாக மருந்தடிக்கவும் விடக்கூடாது. ஆனால் பெட்டிக்கு லேபல் ஒட்ட, நிறுவைப் புத்தகம் எழுத விட்டிருக்கலாம் அல்லவா? யாரும் அதைக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அவன் கொழும்பில் ஒரு கடைக்குப் போனான். அங்கே வலிப்பு இருப்பதைச் சொல்லவேயில்லை. மாத்திரையை டொபிப் பெட்டிக்குள் ஒளித்து வைத்திருந்ததாகப் பிறகு அவனுடைய அம்மா சொன்னார். இரவு வெகு நேரம் சாமான் இறக்கி, தூக்கம் கெட்டு, யாராவது பார்த்துவிடுவார்கள் என்று மாத்திரையைத் தவறவிட்டு, கடையிலேயே விழுந்தான். தூக்கம் கெடுவதும் மாத்திரை தவறுவதும்தான் வலிப்பைக் கூட்டுகிற முக்கியக் காரணங்கள். சொன்னால் வேலை போய்விடும் என்ற பயமே அவனுடைய நோயைக் கூட்டியது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், எந்த ஸ்டோரிலாவது யாராவது வாசித்து நினைவில் வைத்துக்கொண்டால் போதும். வலிப்பு வந்தவருடைய கையில் இரும்பு கொடுக்கத் தேவையில்லை. வாயில் எதையும் வைக்கக்கூடாது. மெஷினிலிருந்தும் கூர்மையான சாமானிலிருந்தும் விலக்கி, தலைக்குக் கீழே மெத்தென்று ஏதாவது வைத்து, உதறல் நின்றதும் ஒரு பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைக்க வேண்டும். மணியைப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 1990-க்கு அழைத்து அம்புலன்சைக் கூப்பிட வேண்டும்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? வலது குறைந்தோர் (மாற்றுத்திறனாளிகள்) உரிமைகளுக்கான 1996-ஆம் ஆண்டின் 28-ஆம் இலக்கச் சட்டம் நம்மிடம் இருக்கிறது. அதில் யாரை அப்படிச் சொல்கிறார்கள் என்று பார்த்தால், உடல் அல்லது உள ஆற்றலில் உள்ள குறையால் தன் வாழ்க்கைத் தேவைகளை முழுவதுமாகவோ ஓரளவோ தானாக நிறைவேற்றிக்கொள்ள முடியாதவர் என்று இருக்கிறது. மாதத்தில் 20 நாள் 25 கிலோ எடுக்கிற அம்மாவை அந்த வரிக்குள் எப்படி நிறுத்துவது? அதே சட்டத்தின் 23-ஆம் பிரிவு வேலைக்கு ஆள் சேர்க்கும்போது பாரபட்சம் காட்டக்கூடாது என்கிறது. ஏற்கெனவே வேலையில் இருந்து நடுவில் நோய் வந்தவர் அந்த வரியை வைத்து எதைக் கேட்க முடியும்? வலது குறைந்தவர்களின் உரிமை பற்றிய ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016 பெப்ரவரியில் ஏற்று உறுதிப்படுத்தியது. அதன் 27-ஆம் உறுப்புரை வேலைத்தளத்தில் நியாயமான ஏற்பாடுகளைச் செய்து கொடுக்க வேண்டும் என்கிறது. அந்தச் சொல் இன்னும் பிரட்டுக்களத்துக்கு வந்து சேரவில்லை.

வேறு நாடுகள் இதைக் கவனித்திருக்கின்றன. அமெரிக்காவில் 2008-ல் சட்டத்தைத் திருத்தியபோது, விட்டுவிட்டு வருகிற நோயும், தற்போது அடங்கியிருக்கிற நோயும், அது கிளம்புகிற நேரத்தில் ஆளை முடக்குமானால் இயலாமைதான் என்று எழுதினார்கள். கனடாவின் 2019-ஆம் ஆண்டுச் சட்டம் இயலாமை என்பதை நிரந்தரமானது, தற்காலிகமானது, விட்டுவிட்டு வருவது என்று மூன்றாகச் சொல்லி, வெளியில் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் என்றும் சேர்த்திருக்கிறது. வெளியில் தெரியாவிட்டாலும் என்ற அந்த ஒரு சொற்றொடருக்காகவே அந்தச் சட்டத்தை எழுதியவர்களைக் கும்பிடலாம்.

கொழும்பில் சட்டம் திருத்தும்வரை காத்திருக்கத் தேவையில்லாத காரியம் உங்கள் கையில் இருக்கிறது. அதற்காகத்தான் உங்களுக்கு எழுதுகிறேன். 2025 நவம்பரில் வாசித்த பட்ஜெட்டில் தோட்டத் தொழிலாளியின் அடிப்படைச் சம்பளம் 1350 ரூபாவிலிருந்து 1550 ஆகும் என்றும், அதற்கு மேல் அரசாங்கம் நாளுக்கு 200 ரூபா வருகை ஊக்கத்தொகை தரும் என்றும் அறிவித்தார்கள். கூடுகிற ஒவ்வொரு ரூபாவும் சனங்களுக்கு வேண்டும், அதில் இரண்டு பேச்சு இல்லை. ஆனால் வருகை என்ற சொல் மறுபடியும் சம்பளத்துக்குள் வந்திருக்கிறது. அந்தச் சொல் வந்தால் 17 நாள் அம்மா மாதிரி யாராவது ஒருவர் அதன் விளிம்பில் தடுக்கி விழுவார். மாதத்தில் ஐந்து நாள் விழுகிறவருக்கு 1750 கணக்கில் 8750 ரூபா போகும். அதோடு கிளினிக் பஸ் காசும் ஆஸ்பத்திரியில் கிடைக்காத மருந்தை வெளியில் வாங்குகிற செலவும் சேரும்.

ஆகவே செக்ரோலில் இன்னொரு குறி வேண்டும் என்று கேட்கிறேன். கிளினிக் கொப்பி வைத்திருக்கிறவர் கிளினிக்குப் போன நாளுக்கும், வேலைக்கு வந்து உடம்பு முடியாமல் திரும்பிய நாளுக்கும், முடியவில்லை என்று காலையிலேயே சொல்லி அனுப்பிய நாளுக்கும் அந்தக் குறி விழ வேண்டும். அந்தக் குறி விழுந்த நாளுக்குச் சம்பளம் கொடுக்க முடியுமா, பாதி கொடுக்க முடியுமா என்பதை நீங்கள் பேசித் தீர்க்கலாம். ஆனால் குறைந்தபட்சம், வருகையைக் கணக்குப் பார்க்கிற எந்தக் கொடுப்பனவிலும், எந்தச் சலுகையிலும், அந்த நாளை வராத நாளாக எண்ணக்கூடாது. இதற்குக் கம்பனிக்குப் பெரிய செலவில்லை. ஒரு எழுத்துத்தான். அதோடு, வருத்தமான நாட்களுக்கு டிவிஷனில் என்னென்ன இலகு வேலை உண்டு என்று கணக்கப்பிள்ளையிடம் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். பிரட்டுக்களத்தில் அறுபது, எழுபது பேர் நிற்கும்போது அவன் யோசித்துக்கொண்டிருக்க மாட்டான், என்னை மாதிரி "வீட்டுக்குப் போ" என்றுதான் சொல்வான்.

நோயின் பெயரை அந்தக் குறிக்குள் எழுதக் கூடாது. இதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். லயத்தில் ஒரு காம்பராவில் இருமினால் அடுத்த காம்பராவுக்குக் கேட்கும். வலிப்பு என்றோ மன வருத்தம் என்றோ செக்ரோலில் எழுதினால் அன்று பின்னேரமே தண்ணி பிடிக்கிற பீலிக்கரையில் பேச்சாகிவிடும், அந்த வீட்டுப் பெண்பிள்ளைக்குக் கல்யாணப் பேச்சு நிற்கும். மனநோயும் இப்படி வந்து போகிற வருத்தம்தான். அதைச் சொல்ல வழியில்லாமல் சோம்பேறி, குடிகாரன் என்ற பெயரோடு வேலையை விட்டவர்கள் உண்டு. (யாராவது மனம் உடைந்து இருந்தால் 1926-க்கு அழைத்துப் பேசலாம்.) நோய் என்ன என்பது டிஸ்பென்சரியோடு நிற்கட்டும். கணக்கப்பிள்ளைக்கு என்ன செய்ய முடியும், என்ன செய்ய முடியாது என்பது மட்டும் தெரிந்தால் போதும். கிளினிக் கொப்பியில் இருப்பது இங்கிலீஷ் எழுத்து. கொப்பிக்குச் சொந்தக்காரராலேயே வாசிக்க முடியாது. அதை விளக்கி ஒரு கடிதம் கொண்டுவா என்று கேட்டால் அதற்கு இன்னொரு கிளினிக் நாள் போகும். கொப்பியில் பதிந்த திகதியே சாட்சியாக இருக்கட்டும்.

எல்லாரும் கொப்பியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள் என்று துரைமார் சொல்வார்கள். என் டிவிஷனில் நூற்றுப் பத்துப் பேர் இருந்தார்கள். இப்படி வந்து போகிற வருத்தக்காரர் என்று யோசித்துப் பார்த்தால் ஏழெட்டு முகம்தான் வருகிறது. அதில் ஒருவர்கூட வேலைக்குக் கள்ளம் பண்ணுகிறவர் இல்லை. நல்ல நாளில் மற்றவரைவிடக் கூட எடுத்து மோசமான நாளை ஈடுகட்டப் பார்த்தவர்கள் அவர்கள். அப்படி அடித்துப் பிடித்து வேலை செய்ததே மறுபடி உடம்பு விழுவதற்குக் காரணமாகவும் இருந்தது. இன்று எந்தத் தோட்டத்திலும் ஆள் இல்லை, ஆள் இல்லை என்றுதான் பேச்சு. 30 வருடம் பழகிய கையை மாதத்தில் ஐந்து நாளுக்காக இழப்பது கம்பனிக்கும் நட்டம்.

மலையைக் குடும்பத்துக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டால் அவரவர் வசதிக்கு எடுப்பார்கள், இந்தப் பிரச்சினையே வராது என்று சிலர் சொல்கிறார்கள். நேர விஷயத்தில் அது உண்மைதான். ஆனால் தொழிலாளி என்ற நிலையும் அதோடு வருகிற ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி), ஈ.டி.எப். (ஊழியர் நம்பிக்கை நிதி) இரண்டும் கையை விட்டுப் போய்விடுமோ என்று சனங்கள் பயப்படுகிறார்கள். உடம்பு நிச்சயமில்லாதவருக்குத்தான் அந்தச் சேமிப்பு எல்லாரையும்விட அதிகமாக வேண்டும்.

தொழிற்சங்கத் தலைவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. மாதா மாதம் அந்த அம்மாவின் சம்பளத்திலிருந்தும் சந்தா கழிந்தது. செக்ரோலைக் கையில் வைத்திருந்தவன் என்பதால் எனக்குத் தெரியும், 17 பேர் போட்ட மாதமும் கழிந்தது. அவருக்காக யாரும் ஒரு கேள்வி கேட்டு நான் பார்க்கவில்லை. அடுத்த தடவை சபை கூடும்போது சம்பளத் தொகையைப் பேசி முடித்த பிறகு எழுந்துவிடாமல், இந்தக் குறியைப் பற்றி ஒரு அரை மணித்தியாலம் பேசுங்கள். துரைமார் கணக்குக் கேட்டால் என்னைக் கூப்பிடுங்கள். எந்தக் கட்டத்தில் எப்படி எழுதலாம் என்று செக்ரோலை விரித்து வைத்தே காட்டித் தருகிறேன்.

அந்த அம்மா இப்போது வேலையில் இல்லை. மருமகள் மலைக்குப் போகிறாள், அவர் பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறார். போன தைப்பொங்கலுக்குப் பார்க்கப் போனேன். 2014 ஜூலையில் அவர் வந்தார் என்று அவருடைய முகத்துக்கு நேரே சொன்னேன். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். கோப்பையை நீட்டும்போது இரண்டு கையாலும் அணைத்துத்தான் பிடித்திருந்தார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை ஒருவன்,
டிக்கோயா.